செவுள் கழுவிய மீன்

நாத்தனாரின் பேராசிரியர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த நாளை நினைத்தால் இன்னும் எனக்கு உடம்பு கூசுகிறது. எண்பதுகளில் மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரரின் தங்கை பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். லயத்தில் அவ்வளவு தூரம் படித்தவள் அவள் ஒருத்திதான்.

படித்ததோ மீன் செவுளில் ஒட்டியிருக்கும் புழுவைப் பற்றி. கண்ணுக்கே தெரியாத புழு. ஆற்று லம்பாம் மீனிலும் ஈயம் தோண்டிவிட்ட பழைய குட்டை லம்பாம் மீனிலும் இருப்பது பார்க்க ஒன்றுபோல இருக்குமாம். ஆனால் குட்டைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்ததில் அதன் வம்சம் தனியாகப் பிரிந்திருக்கலாமாம். அதைக் காட்ட அவளுக்குக் குட்டை மீன் வேண்டும். குட்டையையோ மண் கொட்டி மூடிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக வலையில் அகப்பட்ட நாலு மீனை உயிரோடு வாளியில் விட்டு, நான் சமைக்கிற குசினியில் வைத்திருந்தாள்.

"அண்ணி, சார் வந்து இதுல புழு இருக்கான்னு பாப்பாரு. பத்திரமா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, அவரை அழைத்துவரப் பெரிய சாலைக்குப் போனாள்.

புழு இருக்கிறதா என்று வந்து பார்ப்பது எங்களுக்குப் புதிதில்லை. சுகாதார இலாகாக்காரர்கள் தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். கொசுப்புழு இருந்தால் சம்மன். அந்த வீட்டுக்காரி சுத்தம் தெரியாதவள் என்று லயமே பேசும். இவ்வளவு படித்தவர் வந்து நம் வீட்டு மீனில் புழு என்று சொல்லிவிட்டால் என் மானம் என்ன ஆவது? மளமளவென்று மீனை அறுத்தேன். செவுளைப் பிய்த்து, ஓடுகிற சாக்கடையில் எறிந்தேன். உப்பும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். இரண்டைக் குழம்பில் போட்டேன். மற்ற இரண்டையும் சார் பார்ப்பதற்கென்று தட்டில் மூடி வைத்தேன்.

வந்தவர் நல்ல பசியோடு சாப்பிட்டார். நாத்தனார் வாளியை எடுக்கக் குசினிக்குள் வந்தாள்.

"அண்ணி, செவுளு எங்க?"

"எல்லாத்தையும் சுத்தமா எடுத்துட்டேன்லா. ஒரு புழு கிடையாது."

என் குரலில் பெருமை வேறு. அவள் தட்டைத் திறந்து பார்த்தாள். "அந்தப் புழுதான் அண்ணி எனக்கு வேணும்" என்று மெல்லச் சொன்னாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"மீனைக் கொண்டு வாம்மா" என்றார் சார்.

அவள் தட்டோடு போய் நின்றாள். நான் பின்னாலேயே போனேன்.

"நான்தான் சார் அவசரப்பட்டு அறுத்துட்டேன்" என்று அவள் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள்.

"இத்தன வருசம் என்னதான் படிச்ச? குட்டையும் போச்சு. இனி எங்க போய்ப் புடிப்ப? மறுபடி முதல்லேருந்து ஆரம்பி."

அவள் தலை குனிந்து வாங்கிக்கொண்டாள். நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. இப்படி ஒரு மடச்சியா என்று அவர் என்னைப் பார்ப்பாரே என்ற வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் குரலைத் தணித்து என் பக்கம் திரும்பினார். "நீங்க பயப்படாதீங்கம்மா. உங்க கொழம்பு ரொம்ப நல்லாருக்கு."

நான் இன்னொரு துண்டு மீனை எடுத்து அவர் இலையில் வைத்தேன்.