குற்றாலத்துப் பங்களாவில் ஒரு பிரெஞ்சுக் கம்பளம்

ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தையல் டீச்சர். ஒரு சாரல் காலத்தில், குற்றாலத்தில் பங்களா வைத்திருந்த ஓர் அம்மாள் ஆள் அனுப்பினார். கணவரை இழந்தவர். சுவரில் மாட்டிய கம்பளம் ஒன்று நைந்து தொங்குகிறது, பின்னால் துணி வைத்துத் தைக்க வேண்டும் என்பது சேதி.

கூடத்துச் சுவர் முழுவதையும் அது அடைத்திருந்தது. ஓவியம் என்றே நினைத்தேன். தொட்டபிறகுதான், கம்பளி நூலும் பட்டு நூலும் சேர்த்து நெய்த படம் என்று தெரிந்தது. பிரான்சில் இருநூறு வருஷத்துக்கு முன் நெய்ததாம். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுக் கிளம்பியபோது ஒரு குடும்பத்திடம் அவர் கணவர் வாங்கியிருக்கிறார்.

"இது என்ன கதைம்மா?" என்று கேட்டேன்.

"கிரேக்கத்துக் கதை, டீச்சர். காட்டுக்குள்ள ஒரு தேவதை குளிச்சிக்கிட்டு இருக்கா. வேட்டைக்கு வந்தவன் வழி தப்பி அங்கன வந்து பாத்துருதான். அவ கோவத்துல தண்ணிய அள்ளி எறியுதா. அவன் மானா மாறிருதான். அவன் வளத்த நாய்ங்களே அவனைக் கொன்னுருது."

தண்ணீர் அவன் மேலே பட்ட அந்தக் கணத்தைத்தான் நெய்தவர் பிடித்திருந்தார். முகம் மனித முகம். நெற்றியில் இரண்டு கொம்பு முளை. நாய்கள் அவனை இன்னும் எஜமானாகவே பார்த்து நின்றன. ஒரு நாயின் கண்ணில் ஒரே ஒரு வெள்ளை இழை. அந்த ஓர் இழையில் அது உயிரோடு இருந்தது. எத்தனையோ வருஷம் பூ வேலை செய்த கை என்னுடையது. அப்படி ஒரு கண் அதற்கு வந்ததில்லை.

ஆனால் படம் முழுக்க டீத்தண்ணி நிறம். தோட்டக்காரரும் அவர் மனைவியும் பிடிக்க, இறக்கிக் குப்புறப் போட்டோம். வெளிச்சம் படாத பின்பக்கத்தில் தண்ணீர் மயில் கழுத்து நீலம், காடு இளம்பச்சை, தேவதையின் துணி செம்பருத்திச் சிவப்பு.

அம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அவுக ஒருதரம்கூட இதப் பாக்கலியே, டீச்சர்."

பிறகு, "இப்படியே திருப்பி மாட்டிருவோமா?" என்றார்.

"வெயில் இதையும் தின்னுரும்மா. நூல் முனையெல்லாம் வேற வெளிய தொங்குது" என்றேன்.

துணியை மேலே மட்டும் தைத்து, மற்ற மூன்று ஓரமும் கொக்கி வைத்தேன். வேண்டும்போது கம்பளத்தின் ஓரத்தைச் சுவரிலிருந்து விலக்கி, துணியைத் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்க்கலாம். நாலு நாள் வேலை. வந்தவர்களுக்கெல்லாம் அம்மாள் கொக்கியைக் கழற்றிக் காட்டினார்.

சில வருஷம் கழித்து என் வகுப்புப் பெண்களை அங்கே கூட்டிப்போனேன். அம்மாள் கதையைச் சொல்லி முடித்ததும் ஒருத்தி கேட்டாள்: "குரலை வச்சாவது நாய்க்கு அடையாளம் தெரிஞ்சிருக்காதா?"

"மானுக்கு ஏதுட்டி பேச்சு?" என்றார் அம்மாள்.

மற்றவர்கள் பின்பக்கத்து நிறங்களைப் பார்க்க முண்டியடித்தார்கள். அவள் மட்டும் அந்த நாய்கள் முன்னாலேயே நின்றிருந்தாள்.