பொய்யை மோப்பம் பிடிக்கிறவர்களோடு சீட்டாடினேன்

முதல் நாள்

கருங்கல் ஊர் ஏஜென்ட் என்னை ஏமாற்றவில்லை. "கப்பல்ல குக் வேலையாக்கும். சாப்பாடு, தங்குமிடம் ஃப்ரீ. போய்ச் சேர மட்டும் கொஞ்சம் நாள் எடுக்கும்" என்றுதான் சொன்னார். எந்தக் கடல் என்று நான் கேட்கவில்லை. மஸ்கட்டில் கேட்டரிங் கம்பெனியில் சோறு வடித்துப் பழகியவன், கப்பல் என்றால் தண்ணீரில் ஓடும் என்று எண்ணிவிட்டேன். ஏறி பெல்ட் போட்ட பிறகுதான் தெரிந்தது, அது சனி கிரகத்துக்கு அப்பால் சரக்கு ஏற்றி இறக்கும் கப்பல் என்று.

எங்கள் ஊர் புதுக்கடையில் இருந்த என் மனைவி புஷ்பத்துக்கு போனில் விஷயத்தைச் சொன்னேன். அவள், "அங்க மீன் கிட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

முதல் நாள் கேலியில், அதாவது கப்பல் அடுக்களையில், அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்.

"மக்கா, புதுசா வந்தியா? சோறு எப்பம் ஆவும்?"

நம்ம ஊர்க்காரன் ஒருவன் இருக்கிறான் என்று சந்தோஷமாகத் திரும்பினேன். நான்கு கண்களும் பச்சைத் தோலுமாக ஒன்று நின்றது. அரிசி முழுவதும் தரையில் போயிற்று.

அங்கே ஒவ்வொருவர் கழுத்திலும் மொழிபெயர்க்கும் பெட்டி ஒன்று தொங்கும். எனக்கு முன்பு குக்காக இருந்தவர் எங்கள் பக்கத்துத் தேங்காய்ப்பட்டணத்துக்காரர். அந்தப் பெட்டிக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அதனால் எந்தக் கிரகத்துக்காரர் வாய் திறந்தாலும் பெட்டி எங்கள் ஊர்ப் பேச்சைத்தான் பேசும். இரண்டு நாளில் பழகிவிட்டது.

புளியங்கொட்டைப் போக்கர்

வாரம் ஒரு தடவை, வேலை ஓய்ந்ததும், சாப்பாட்டு மேசையில் போக்கர் நடக்கும். ஆளுக்கு ஐந்து சீட்டு. வேண்டாததை ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் பந்தயம். கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் பெரிய சீட்டு இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு எதிராளியைப் பயமுறுத்த வேண்டும். பயந்தவன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வான். காசு வைத்து ஆடக் கூடாது என்பது கேப்டன் உத்தரவு. ஆகவே என் புளியிலிருந்து எடுத்த கொட்டைகளைப் பந்தயம் வைத்தோம். முடிவில் யாரிடம் கொட்டை குறைவோ அவன் கழிவுத் தொட்டியைக் கழுவ வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே இதை வாசிப்பவர்கள் இருக்கலாம், ஆகவே தொட்டியைப் பற்றி மேலே எழுதவில்லை.

என்னோடு ஆடியவர்கள் மூன்று பேர். கப்பல் ஓட்டும் கெப்பாதான் அந்த நாலுகண்ணன். அவனுக்கு உடம்பின் சூடு கண்ணில் தெரியும். நல்ல சீட்டு வந்தால் என் செவி அடுப்புத் தணல்போல் ஒளிருமாம். எஞ்சின் பார்க்கும் நூருவுக்கு மூக்கு முழங்கால்வரை தொங்கும். பொய்யை மோப்பம் பிடித்துவிடுவான். என் பொய்க்குப் புளித்துப்போன இட்லிமாவு வாசனை என்று சொன்னான். மூன்றாவது ஆள் ஸில். சரக்குக் கணக்குப் பார்க்கிற பெண். அவளுக்குக் காதே கிடையாது, ஆனால் மனதில் நினைப்பது கேட்கும். அவர்களுக்குள் இந்த வித்தை எதுவும் செல்லாது. மனிதன் ஒருவன்தான் எல்லா வழியிலும் தன்னை வெளியே காட்டிக்கொண்டிருக்கிறான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

தொட்டியை நான் மட்டுமே கழுவிக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் கேப்டனிடம் போய்ச் சொன்னேன். கேப்டன் ஆறு கை உள்ள, முதுகில் ஓடு உள்ள வயதான அம்மா. சீட்டுப் போடுவதும் தீர்ப்புச் சொல்வதும் அவர்தான்.

"பிறவியிலயே உள்ளதுக்கு நான் என்ன கேஸ் எடுக்க? அவன்ட்ட மூக்க கழத்தி வச்சிற்று சீட்டு களிக்கச் சொல்லவா?" என்றார்.

என் தந்திரங்கள்

சும்மா இருக்க எனக்கும் மனது வரவில்லை. ஒரு நாள் நூருவின் மூக்கை அடைக்க, ஆட்டத்துக்கு முன்னால் நெத்திலிக் கருவாட்டையும் வற்றல் மிளகாயையும் சேர்த்துப் பொரித்தேன். கப்பலில் அபாய மணி அடித்துவிட்டது. நூரு மட்டும் தட்டு நிறைய வாங்கித் தின்றுவிட்டு, சீட்டைக் கையில் எடுத்து, "நல்ல ருசி. ஆனா இதுக்கெடையிலயும் ஒனக்க பொய் தனியா மணக்குது மக்கா" என்றான்.

கெப்பாவுக்காக ஒரு வாரம் தலையில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். "செவி தெரியல. பரவால்ல, வயிறு தெரியுது" என்றான்.

ஸில்லுக்காக, மனது முழுக்க வேறு ஒன்றும் ஏறாதபடி எங்கள் சர்ச் சபையில் பாடும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் பாடினேன். இரண்டாவது சரணத்தில் நான் தடுமாறினேன். ஸில் அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தாள். அடுத்த வாரம் நூருவுக்கும் கெப்பாவுக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். நான் தொட்டி கழுவிக்கொண்டிருக்கும்போது மூன்று பேரும் மேலே சேர்ந்து பாடுவது கேட்கும்.

ஒரு ஸீட்

புதுக்கடையில் நான் கட்டிக்கொண்டிருந்த வீடு முடிந்துவிட்டது. பால்காய்ச்சுக்கு, அதாவது புதுமனை புகுவிழாவுக்கு, நாள் குறித்துவிட்டு புஷ்பம் போனில் பேசினாள்.

"நீங்க வருவியளா, மாட்டியளா?"

"லீவு கேட்டிருக்கேன்."

"கல்லு போட்டப்பமும் இல்ல, வாசல் வச்சப்பமும் இல்ல. ஆள் இல்லாம எனக்கு பால் காய்ச்ச முடியாது. ஊர்ல உள்ளவனுவ எனக்கு கெட்டியோன் உண்டான்னு கேக்கானுவ."

அந்தச் சமயம் பூமி வழியாக மற்ற கிரகங்களுக்கும் போகும் ஷட்டில் ஒன்று எங்களைத் தாண்டிப் போவதாகத் தகவல் வந்தது. அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. உள்ளே காலியாக இருந்தது ஒரே ஒரு ஸீட். நான்கு பேரும் லீவு கேட்டிருந்தோம். கெப்பாவுக்குத் தோல் உரிக்கும் பருவம், சொந்த ஊரில் உரித்தால்தான் மரியாதை. நூருவின் அப்பா மூன்றாவது கல்யாணம் செய்யப்போகிறார், அதை நிறுத்த வேண்டும். ஸில் என்னைக் காட்டிச் சொன்ன காரணம் வேறு.

"எனக்கு ஓய்வு வேணும். இவன் மனசுல எப்பம் பாத்தாலும் புட்டும் பயறும். கேட்டுக் கேட்டு எனக்கு தலவலி."

கேப்டன் ஆறு கைகளையும் விரித்தார். "ஸீட் ஒண்ணுதான். சீட்டு களிச்சு தீத்துக்கிடுங்க. கடசீல யாருக்க கிட்ட கொட்ட அதிகம் இருக்கோ அவன் ஏறட்டு."

நான் அப்போதே அடுக்களைக்குப் போய் அழுதேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு வரும்போது அதை மசாலா டப்பா மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆட்டம் வழக்கம்போல்தான் போயிற்று. என் குவியல் கரைந்து பாதியானது. கடைசிக் கை என்று சொல்லி கேப்டன் சீட்டுப் போட்டார். எனக்கு நான்கு கிளாவர் வந்திருந்தது. இன்னொரு கிளாவர் வந்தால் ஐந்தும் ஒரே இனம், ஃப்ளஷ். நான் என்ன எதிர்பார்க்கிறேன் என்பது மூவருக்கும் தெரியும், அது லேசில் வராது என்பதும் தெரியும். அவர்களுக்கும் அந்தக் கை நன்றாக விழுந்திருந்தது. அதனால் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். மேசை நடுவில் கொட்டை மலைபோல் குவிந்தது. இனி இழக்க என்ன இருக்கிறது என்று நானும் ஈடுகொடுத்தேன். வேண்டாத ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன்.

பார்த்தேன். கறுப்பு. கிளாவர்.

உடம்பெல்லாம் குளிர்ந்து, பிறகு சூடேறியது. ஒளிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. மிச்சம் இருந்த கொட்டை முழுவதையும் நடுவில் தள்ளி, "எனக்கு ஃப்ளஷ்" என்று வெளிப்படையாகச் சொன்னேன்.

நூரு மூக்கை என் கழுத்துவரை கொண்டுவந்து இழுத்து முகர்ந்தான். "பொய் இல்ல" என்றான். கெப்பா நான்கு கண்ணாலும் பார்த்து, "செவி எரியுது" என்றான். ஸில் கண்ணை மூடிக்கொண்டாள். "அஞ்சும் கிளாவர். மனசுக்குள்ள இப்பமே பால் பொங்கிற்று."

மூன்று பேரும் சீட்டைக் கவிழ்த்தார்கள். கேப்டன் குவியலை என் பக்கம் தள்ளினார். மேசையில் என்னுடையதுதான் பெரிய குவியல்.

நான் அதோடு எழுந்து போயிருக்கலாம். காட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் பெருமை விடவில்லை, ஐந்தையும் விரித்துப் போட்டேன். கேப்டன் ஒரு விரலால் கடைசிச் சீட்டைத் தொட்டார்.

"தாசு, இது இஸ்பேடு."

குனிந்து, சீட்டை மூக்கோடு ஒட்டிப் பார்த்தேன். இஸ்பேடுதான். என் கையில் ஒன்றுமே இல்லை. நூரு கையில் மூன்று ஏஸ் இருந்ததாம்.

பெரிய பெகளமும் கூச்சலும் ஆயிற்று. "இது கள்ளக்களி" என்று நூரு மேசையைத் தட்டினான். "கண்ணு மங்குறது பிறவிக் குணம் இல்ல. வயசுக் கோளாறாக்கும்" என்றான் கெப்பா. கேப்டன் என் வயதைக் கேட்டார். சொன்னேன். "மனுசனுக்க கண்ணு இந்த வயசுல மங்கத்தான் செய்யும். இவனுக்க இனம் அப்பிடி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஸில் மட்டும் சிரித்தாள். நான் போனால் அவளுக்கும் ஓய்வுதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. என் பையை அவளே தூக்கிவந்து ஷட்டிலில் வைத்தாள்.

பால்காய்ச்சுக்கு முந்தின நாள் வீடு வந்து சேர்ந்தேன். புஷ்பம் வாசலிலேயே, "எப்பிடி விட்டாங்க?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். "அப்பம் தெரியாமத்தான் ஜெயிச்சியளா?" என்றாள். ஆமாம் என்றேன். "நல்லதாச்சு. தெரிஞ்சிருந்தா நீங்க வந்திருக்க மாட்டிய" என்று சொல்லிவிட்டுப் பந்தல்காரரைப் பார்க்கப் போய்விட்டாள்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் அந்த வேலைக்கு ஏறுகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. இல்லாததை இருப்பதுபோல் காட்ட நான் பட்ட பாடெல்லாம் வீணாகத்தான் போயிற்று. மனதார நம்பிச் சொன்னது ஒன்றுதான் எடுபட்டது. அது தப்பாக இருந்தது என்பது வேறு விஷயம்.