ரெம்பியாவில் பேசிய என் தங்கை

என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. முப்பத்து நான்கு வயதில் டெங்கிக் காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் போய்விட்டாள். செத்து இரண்டு மாதம் கழித்து, ரெம்பியா என்ற ஊரில் யாரோ ஒருவர் வீட்டு ஹாலில் வாய் நிறையத் தமிழ் பேசினாள்.

அம்மாவை அங்கே காரில் கூட்டிப்போனது நான்தான். இறந்தவர்களை வரவழைத்துப் பேசவைக்கும் ஒரு பெண்மணி அங்கே இருப்பதாகக் கோயிலில் யாரோ அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். புக்கிட் காத்தில் என்ற எங்கள் ஊரில், வீட்டில் அம்மா சோறு இறங்காமல் சுருண்டு கிடந்தாள். ஒரு தடவை போய்வந்தால் மனம் ஆறும் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்னும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

அந்தப் பெண்மணி தங்கையின் படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பெயரையும் இறந்த நாளையும் மட்டும் கேட்டார். காது கேளாதவள் என்று அம்மா சொல்லவில்லை. நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. சூடம் ஏற்றிக் கண்ணை மூடி ஆடியவர், குரலைச் சின்னதாக்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

“அம்மா, நான் வந்துட்டேம்மா. அழாதம்மா. ஒன் மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. நீ என்னைய நல்லாத்தான் பாத்துக்கிட்ட.”

அம்மா கதறிக்கொண்டு அவர் காலைப் பிடித்தாள். “என் தங்கமே, பேசுடி! இன்னும் பேசுடி!”

எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. “அவளுக்குப் பொறந்ததுலேர்ந்து பேச்சே வராதுங்க. ஒங்களுக்குத் தெரியாதுல்ல?” என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. “ஒடம்ப விட்டதும் எனக்கு வாய் வந்துருச்சுக்கா” என்றது அந்தக் குரல்.

அக்காவாம்! என்னைக் குறிக்க என் தங்கை தன் முகவாயை விரலால் தொடுவாள். எனக்கு அங்கே ஒரு மச்சம். அதுதான் அவள் எனக்கு வைத்த பெயர்.

திரும்பும் வழியில் அம்மா என்மேல் பாய்ந்தாள். “வந்தவள வெரட்டி விட்டுட்டியேடி! அவ என்னைய அம்மான்னு கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல. இன்னிக்கித்தான் கேட்டேன்.”

அதைக் கேட்டும் என் கோபம் தணியவில்லை. தங்கை பள்ளியில் கைமொழி கற்றுக்கொண்டு வந்தாள். அவளிடமிருந்து நான் கற்றேன். அம்மாவுக்குத் தெரிந்தவை சாப்பாடு, தூக்கம், காய்ச்சல் இவ்வளவுதான். மற்றதையெல்லாம் இத்தனை வருடமும் நான்தான் மொழிபெயர்த்தேன். பாதிக்கு மேல் அம்மா கேட்டுக்கொள்ளவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியை அம்மா முன்னால் வைத்தேன். தங்கை தான் வேலைபார்த்த ஃபேக்டரி கேண்டீனிலிருந்து எனக்கு அனுப்பிய வீடியோ. சூப்பர்வைசர் நடப்பதைக் கிண்டல் செய்கிறாள், விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பிறகு முகம் மாறுகிறது. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன்: “‘நான் பேசும்போது அம்மாவ டிவி பாக்கவேணாம்னு சொல்லு’ங்கிறா.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நிறுத்துடி. இதுல அவ சும்மா கைய ஆட்டுறா. அங்கதான் வாயத் தொறந்து பேசுறா.”

“அவ முப்பது வருசமா இந்த வீட்லதாம்மா பேசுனா. நீதான் பாக்கல.”

சொல்லியிருக்கக் கூடாது என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அம்மா பக்கத்து வீட்டு அக்காவின் காரில் ரெம்பியாவுக்குப் போனாள். இப்போது வாராவாரம் போகிறாள். நன்றாகத் தூங்குகிறாள், சாப்பிடுகிறாள்.

“பெத்தவ மனசு ஆறுதுல்ல, விடு லா” என்கிறார் அந்த அக்கா. எப்படி விடுவது? என் தங்கைக்கு அம்மாமேல் குறை இருந்தது. அதை வைத்துக்கொள்ளவோ மறக்கவோ உரிமை அவளுக்குத்தான். அவளை ஒருநாள்கூடப் பார்த்திராத ஒருத்தி அதைத் துடைத்துப் போட்டுவிட்டாள்.

போன வாரம் ரெம்பியாவிலிருந்து வந்து எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்: “ஒன் மேலயும் அவளுக்குக் கோவம் இல்லையாம்டி.”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.