இறங்க விடாதவள்

மருதனார்மடத்துக்கு மேற்கே, தோட்டங்களுக்கு நடுவில் ஒடுங்கிப் போகும் எங்கள் ஒழுங்கையில் மகாதேவிக்கு ஒரு பட்டம் உண்டு: 'புருசனைச் சாகவிட்டவள்.' அதைச் சூட்டியவர்களின் நாக்கு அழுகவில்லை. நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

தொண்ணூற்றிரண்டு ஆவணியில் கிணறுகள் வற்றிக் கிடந்தன. தண்ணீர் அடிக்குப் போனால் நீர்ப்பம்பு மெசினையும் கிணற்றுக்குள் இறக்கிப் பலகையில் வைத்து இறைப்பது எங்கள் வழக்கம். சண்டைத் தடையால் பெற்றோல் இல்லாத காலம். மண்ணெண்ணெயில் ஓடிய மெசின் கக்கிய புகையெல்லாம் உள்ளேயே நின்றது. அன்று வெங்காயத்தில் பாதி நனைவதற்குள் மெசின் நின்றுவிட்டது. மகாதேவியின் புருசன் இளையதம்பி அதை இயக்க இறங்கினார். இறங்கியவர் அப்படியே சரிந்து பலகையில் விழுந்தார்.

மேலே நின்ற அவர் தம்பி அருளம்பலம் கிணற்றுக்கட்டில் கால் வைத்தான். மகாதேவி அவன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்து இழுத்து விழுத்தினாள்.

"விடுங்கோ மச்சாள், அண்ணை கிடக்கிறார்."

"இறங்கினால் உனக்கும் உதுதான் நடக்கும். ஓடிப்போய் வடக்கயிறும் ஆக்களும் கொண்டு வா. இடுப்பிலை கயிறு கட்டாமல் ஒருத்தரையும் இறங்க விடமாட்டன்."

கொடிகாமத்தில் அவள் சிறுமியாக இருந்தபோது, கிணற்றுக்குள் மயங்கிய தகப்பனைத் தூக்க இறங்கிய சித்தப்பனும் உயிரோடு வரவில்லை. ஒரே முற்றத்தில் இரண்டு பாடை. அதைப் பார்த்தவள் வேறென்ன செய்வாள்?

அருளம்பலம் ஓடினான். வாளிக்கயிறு ஆளைத் தாங்காது. அதில் வேப்பங்குழையைக் கட்டி, புகை கலையட்டும் என்று மேலும் கீழும் இறக்கி ஏற்றியபடி, "இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ" என்று மகாதேவி புருசனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆக்கள் வந்து, கயிறு கட்டி ஒருவனை இறக்கித் தூக்கியபோது இளையதம்பிக்கு மூச்சில்லை. இறங்கியவனும் சத்தியெடுத்துத் தலைசுற்றிக் கிடந்தான். அதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

செத்தவீட்டில் எல்லோருக்கும் முன்னால் அருளம்பலம் சொன்னான்: "நான் இறங்கியிருந்தால் அண்ணை இருந்திருப்பார். இவதான் விடேல்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ இருக்கிறதே அவவாலைதானடா" என்றேன். செத்தவீட்டில் சண்டை வேண்டாமென்று என்னைத்தான் வெளியே கூட்டிப்போனார்கள்.

அருளம்பலம் பிறகு கலியாணம் செய்தான். தொண்ணூற்றைந்தில் ஆண் பிள்ளை பிறந்தது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு ஒழுங்கை முழுக்க அழைப்பு, மகாதேவிக்கு மட்டும் இல்லை. இருந்தும் போனாள். பிள்ளைக்கு அண்ணனின் பெயரையே வைத்திருந்தார்கள்.

"ஒருக்கால் தூக்கட்டே?" என்று கையை நீட்டினாள்.

"நீங்கள் தொடவேண்டாம்" என்றான் அருளம்பலம்.

அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் என்று ஒருவன் இருந்ததே அந்தக் கையால்தான். மகாதேவி கையை மடக்கிக்கொண்டு படலையைத் திறந்து போனாள்.