உச்சியில் வைத்த விளக்கெண்ணெய்

ராசிபுரத்துக்கு முன்னால் பஸ் பழுதாகி நின்றது. தண்ணீர் கேட்டு ஒரு வீட்டுக்குள் போனேன். அங்கே ஒரு பெரியவர் மட்டும் இருந்தார்; கண்டித் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பியவராம். தோட்டத்தில் போட்ட கம்பளிக் கோட்டை இந்த வெயிலிலும் கழற்றவில்லை. இடித்த ஆமணக்கைச் சட்டியில் தண்ணீர் விட்டுத் தனியாளாகக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அடிக்கடி கரண்டியை முகர்ந்து பார்த்தார். கடைசியில் மேலே மிதந்த எண்ணெயை வழித்து ஆற வைத்தார்.

“எங்கப்பன் சட்டிங்க இது. மொத எண்ணெய எங்க உச்சியில அவருதான் வெப்பாரு. நாமளே வெச்சுக்கக் கூடாதுங்க.”

“வீட்டில் வேறு யாரும் இல்லையா?”

“நீங்க வந்திருக்கீங்களே, சாமி.”

என் அப்பா வயதுக்காரர் என் முன்னால் தலையைக் குனிந்தார். வைத்தேன். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அவர் நிமிரவில்லை. கையை எப்போது எடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை.