பல்பு எரியாத வளைகாப்பு

ஃபிளாஷ் பல்பு எரிந்து முடிந்ததும் ஒரு வாசனை வரும். சுட்ட கண்ணாடியும் கருகின அரக்கும் சேர்ந்த மாதிரி... மூக்கில் ஏறினால் தும்மல்தான். அறுபதுகளில் விசேஷ வீடுகளுக்குப் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பல்புக்கு ஒரே படம். பட்டென்று ஒரு வெளிச்சம், அப்புறம் கொப்புளம் கட்டின கண்ணாடி. தூக்கிப் போட வேண்டியதுதான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக்காரருக்குச் சின்னதாக ஒரு ஸ்டூடியோ. வளைகாப்பு மாதிரி பெண்கள் கூடும் இடத்தில் ஆண்கள் நுழைந்து படமெடுப்பதைப் பல வீடுகளில் ஒப்ப மாட்டார்கள். அங்கெல்லாம் நான் போவேன். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பல்புப் பெட்டிக்குள் வரும் இங்கிலீஷ் சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்து, எவ்வளவு தூரத்துக்குக் கேமராவில் எந்த நம்பர் வைப்பது என்று நானே பழகிக்கொண்டேன். தினம் வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்கு அது ஒன்றும் மலையாகத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். அவர் மகள் கமலாவைச் சிதம்பரத்தில் கொடுத்திருந்தது. வளைகாப்பு முடிந்ததும் தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டிய பெண்... இங்கே பார்த்துக்கொள்ள ஆள் ஏது? பிரசவமும் மாமியார் வீட்டிலேயே என்று முடிவாகிவிட்டது.

வளைகாப்புக்கு முதல் நாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு குழறும்.

"அவ மாமியாருக்கு வாய் ஜாஸ்தி. எம் பொண்ணு நல்லாருக்கேன்னுதான் எழுதுது. மூஞ்சியப் பாத்தா நான் கண்டுபுடிச்சிடுவேன். ஒரே ஒரு படம்... மூஞ்சி தெளிவாத் தெரியணும்."

"கொண்டாந்து காட்டுறேங்க்கா."

சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான். காலையில் பாடலீஸ்வரருக்கு ஒரு கும்பிடு, அப்புறம் பஸ்.

சிதம்பரத்தில் நீளமான பழைய வீடு. முற்றத்தில் வெயில் கொட்டுகிறது. கமலா உட்கார்ந்திருந்த உள்கூடத்தில் மட்டும் ஒரே இருட்டு. துணைக்கு வந்த என் வீட்டுக்காரர் வாசல் அறையில் ஆண்களோடு தங்கிவிட்டார். நான் ஃபிளாஷை எடுத்து மாட்டினேன். கமலாவின் மாமியார் வந்து நின்றார்.

"ஏம்மா போட்டோக்காரி, அது என்னா?"

"பிளாஷ்ங்க. வெளிச்சத்துக்கு."

"மின்னல் மாதிரி வெட்டுமே, அதானே? கிரகணத்தன்னிக்குப் புள்ளத்தாச்சிய வாசப்படி தாண்ட வுடல நானு. நீ நடு வூட்டுல மின்னல கொண்டாந்து வுடுறியா? எடுத்து உள்ள வையி!"

"அப்ப பொண்ண முத்தத்துல வந்து உக்காரச் சொல்லுங்கம்மா."

"மணையில உக்காந்தவ வளையல் அடுக்கி முடியாம எழுந்திரிக்கப்படாது. ஒங்க ஊர்ல எப்டியோ?"

வாசல் அறைக்குப் போய்ச் சொன்னேன். "வேணாம்னா வுட்டுடேன், கெளம்பலாம்" என்றார் இவர். நான் கிளம்புவதாக இல்லை. படுக்கையில் கிடக்கிறவரிடம் என்ன முகத்தோடு போய் நிற்பது?

பெண் வெளிச்சத்துக்கு வர முடியாது. அப்போது வெளிச்சம்தான் உள்ளே வர வேண்டும். சீர் வைத்திருந்த பெரிய பித்தளைத் தாம்பாளம் பளபளவென்று கண்ணில் பட்டது. பழத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, ஒரு பெண்ணை முற்றத்து ஓரத்தில் தாம்பாளத்தோடு நிற்க வைத்தேன். வெயில் அதில் பட்டு நேராகக் கமலா முகத்தில் அடித்தது.

"ஐயோ சித்தி, கண்ணு கூசுது!"

அவ்வளவுதான், கூடமே சிரித்தது. "வளையல் போடுறதுக்கு முன்னாடி புள்ளையக் கருவாடாக் காய வச்சிடுவ போல!"

வெளிச்சத்தை வேறெதிலாவது தட்டித்தான் அனுப்ப வேண்டும். ஒரு வெள்ளை வேட்டி கேட்டேன். கோடி வேட்டியைச் சும்மா விரிக்கக் கூடாது என்று மாமியார் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்தார். கமலாவின் இரண்டு நாத்தனார்கள் அவள் பக்கத்தில் அதை விரித்துப் பிடித்தார்கள். தாம்பாளத்து வெயில் வேட்டியில் விழுந்து, அதிலிருந்து கமலாவின் கன்னத்தில் பால் மாதிரி இறங்கியது. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

ஆனால் இந்த வெளிச்சத்துக்கு ஷட்டர் மெதுவாகத் திறந்து மூட வேண்டும். கையில் பிடித்தால் படம் ஆடிப்போகும். ஃபிளாஷ் இருக்கிறதே என்று நாங்கள் ஸ்டாண்டும் கொண்டு போகவில்லை. கேமராவை வைக்க, மூலையில் இருந்த நெல் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்தேன்.

"நல்ல நாளும் அதுவுமா மரக்கால கவுக்குறியே, நீயும் ஒரு பொம்பளையா!" மாமியார் அதைப் பிடுங்கி நிமிர்த்தி, தளும்பத் தளும்ப நெல்லைக் கொட்டி முக்காலி மேல் வைத்தார். நெல்லுக்குள் கேமரா அசையாமல் உட்கார்ந்துகொண்டது. கவிழ்த்த மரக்காலில் அப்படி நின்றிருக்காது.

"கமலா, மூச்ச அடக்கிக்க."

"புள்ளத்தாச்சிய மூச்ச அடக்கச் சொல்றா பாரு! நீ நல்லா வுடு கமலா. அவ கெடக்குறா." மாமியார்தான்.

கமலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதுதான் சமயம்... அதற்குள் ஒரு நாத்தனாருக்குக் கை சோர்ந்து வேட்டி தொய்ந்தது. முகத்தில் வெளிச்சம் போச்சு.

"குடுடி இப்டி! சோறு தின்ற கைதானே?" மாமியார் அந்த மூலையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

நடராஜா, என்று அமுக்கினேன்.

மறுநாள் ஸ்டூடியோவில் படம் கழுவி வந்தது. கமலா முகம் பூ மாதிரி. ஆனால் ஓரத்தில் ஒரு கை, வேட்டியை இறுக்கிப் பிடித்தபடி. "கை வந்துடுச்சே, வெட்டிடலாமா?" என்றார் இவர். நல்லவேளை, ஈரம் காய்ந்ததும் நான் அப்படியே எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன்.

அக்கா வெகுநேரம் மகள் முகத்தையே பார்த்தார். பிறகு விரல் ஓரத்துக்குப் போனது.

"இது யாரு கை?"

"ஒங்க சம்பந்திம்மாதான். கமலா மூஞ்சியில வெளிச்சம் வுழணும்னு புடிச்சிக்கிட்டு நின்னாங்க."

அக்கா படத்தை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். "இன்னிக்குத் தூங்குவேன்" என்றார்.

இப்போது விசேஷத்துக்குப் போனால் குடை குடையாக லைட் நிற்கிறது. முகத்தில் நிழலே விழுவதில்லை, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. போன மாதம் ஒரு வளைகாப்பில் போட்டோ எடுக்கும் தம்பி, ஓரத்தில் யார் வந்தாலும் கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம் என்றார். கெட்டிக்காரப் பிள்ளை. எனக்குத்தான், யார் யாரை அழித்தாரோ என்று வீடு வந்து சேரும் வரை யோசனையாகவே இருந்தது...