பெல்ட் இல்லாத உடுப்புக்கு ஒரு துப்பாக்கி

டென்சில் ராட்லிஃப் மாதக் கடைசியில் ஜெயிலை விட்டு வெளியே வருகிறான் என்ற செய்தியை லவோன் டாக்கெட்டிடம் சொல்ல வந்த துணை ஷெரீப், கையோடு ஒரு யோசனையையும் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

"உங்க இடத்துல நான் இருந்தா சின்னதா ஒண்ணு வாங்கி இடுப்புல வெச்சுக்குவேன் அம்மணி. நீங்க வேல செய்யிற மலையிடுக்குக்கெல்லாம் எங்க வண்டி வந்து சேர முக்கா மணி நேரமாகும்."

தீயணைப்புக்காரன் வீட்டுக்கு வந்து, ஒரு வாளி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் வர நேரமாகும் என்று சொல்லிவிட்டுப் போனால் நாலு பேர் சிரிப்பார்கள். ஷெரீப் ஆபீஸ்காரன் சொன்னால் கென்டக்கி மலைப்பக்கத்தில் யாரும் சிரிப்பதில்லை. லவோனும் சிரிக்கவில்லை. நல்ல யோசனைதான் என்று நினைத்தாள்.

அவளுக்கு வேலை, நடக்கமுடியாத கிழடுகட்டைகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்வது. படுக்கையிலிருந்து தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, ஓட்ஸ் கஞ்சி ஊட்டி, அடுத்த வீட்டுக்கு ஓடவேண்டும். டென்சில் அவளுடைய முன்னாள் புருஷன். கார்க் கதவில் வைத்து அவள் வலது மணிக்கட்டை ஒடித்ததற்காகத்தான் உள்ளே போனான். இப்போது அவள் இருப்பது அண்ணன் வீட்டில். அண்ணனும் அவனுடைய இரண்டு நாய்களும் இருக்கிற இடத்துக்கு டென்சில் வரமாட்டான், அவனுக்கு அந்த அளவுக்கு வீரம் கிடையாது. ஆனால் அவள் எந்தக் கிழமை எந்த வீட்டில் இருப்பாள் என்பது அவனுக்கு அத்துப்படி. அவள் கார் ரிப்பேராகிக் கிடந்த காலத்தில் தினமும் கொண்டுபோய் இறக்கிவிட்டவனே அவன்தான்.

ஆகவே அவள் முதலில் கேட்டது துப்பாக்கியை அல்ல. தன்னை வேலைக்கு அனுப்புகிற கம்பெனியின் மேனேஜர் பிரென்ட் கோல்டயர்னிடம் போய், வீடுகளை மாற்றிக் கொடுங்கள் என்றுதான் கேட்டாள்.

"ரூட்டெல்லாம் கம்ப்யூட்டர் போடுறதும்மா. அதுல நான் கை வைக்க முடியாது."

"ஒரு பொத்தான அமுக்குனா மாறாதா சார்?"

"மாறாது. நீ தைரியமா இரு லவோன். உன்னை மாதிரி ஸ்ட்ராங்கான பொம்பளைங்கதான் நம்ம கம்பெனிக்குப் பெருமை."

இதைச் சொல்லும்போது கோல்டயர்னின் பெல்ட்டில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு பிஸ்டல் தொங்கிக்கொண்டிருந்தது, தையல் வேலைப்பாடுள்ள தோல் உறையில். அந்த ஆபீஸுக்குள் அவனைத் தேடி வரக்கூடிய ஆபத்து என்றால் காப்பித்தூள் தீர்ந்துபோவது ஒன்றுதான்.

சரி, கடைக்குப் போனாள். ஹோபார்ட் என்பவன் கடை. மீன்தூண்டில், மான்தலை, துப்பாக்கி எல்லாம் ஒரே இடத்தில். ஹோபார்ட் அவளைப் பார்த்ததும் கண்ணாடிப் பெட்டியின் கடைசி மூலைக்குப் போய் ரோஸ் நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தான்.

"பொம்பளைங்களுக்குன்னே வந்திருக்கு கண்ணு. கைப்பைல போட்டா இருக்கிற இடமே தெரியாது."

"நான் கேட்டது துப்பாக்கி. உதட்டுச்சாயம் இல்ல."

"சுடும்மா, நல்லாவே சுடும். மேல்பக்கத்த மட்டும் பின்னால இழுத்து விடணும், அப்பத்தான் தோட்டா ஏறும். எங்க, இழுங்க பாப்போம்."

இழுத்தாள். சின்னத் துப்பாக்கிக்கு ஸ்பிரிங் முரட்டு ஸ்பிரிங். துப்பாக்கி எவ்வளவு சின்னதோ அவ்வளவு விறைப்பு. ஒடிந்து கூடிய மணிக்கட்டு பாதி தூரம் போய் நின்றுவிட்டது. ஹோபார்ட் முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது. தாடை பெயர்கிற மாதிரி அறைய வேண்டிய பரிதாபம்.

"வீட்டுக்காரர ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வாங்களேன். அவர் பாத்து நல்லதா எடுத்துக் குடுப்பாரு."

"வீட்டுக்காரர் வராம இருக்கத்தான் இத வாங்க வந்திருக்கேன்."

கடையில் தூண்டில் முள் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ரொம்ப அக்கறையாகத் தூண்டில் முள் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கடைசியில் அவள் எடுத்தது கையடக்கமான ஒரு ரிவால்வர். கறுப்பு. இழுக்கிற வேலை இல்லை, விசையை அழுத்தினால் போதும். எடை குறைவு என்று ஹோபார்ட் அதைத் தடவித் தடவிப் புகழ்ந்தான். எடை குறைந்தால் உதை கூடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. பழைய கல்குவாரியில் டப்பா வைத்துச் சுட்டுப் பார்த்தபோது முதல் தோட்டாவிலேயே மணிக்கட்டு பழைய கதையை நினைவுபடுத்தியது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினாள். டப்பாக்கள் விழத் தொடங்கின.

துப்பாக்கியை வாங்கிவிடலாம். அதை எங்கே வைப்பது? அங்கேதான் சனியன் பிடித்தது.

லவோன் போடுவது நர்ஸ் உடுப்பு. மேலே தொளதொளவென்று ஒரு சட்டை, கீழே நாடா வைத்த கால்சட்டை. பெல்ட் கிடையாது. உறை விற்கிற உலகமோ பெல்ட்டை நம்பிப் பிழைக்கிறது. பூமியில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு பிக்கப் வண்டியில் சாய்ந்து நிற்கிற ஆம்பிளைகள் என்று எண்ணித்தான் அத்தனை சாமானும் செய்கிறார்கள். இடுப்புக்கு உள்ளே செருகுகிற கிளிப் உறையை வாங்கினாள். குனிந்தால் துப்பாக்கியோடு சேர்ந்து கால்சட்டையே இறங்கியது. கணுக்காலில் கட்டுகிற உறையை வாங்கினாள். கிழவிக்குக் காலுறை மாட்டிவிட முட்டிபோட்டால் உலகத்துக்கே தெரிந்தது. கைப்பையில் போடலாம் என்றால், கைப்பை எல்லா வீட்டிலும் சமையலறை மேஜைமேல் கிடக்கும். பேரன் பேத்திகள் மிட்டாய் தேடி அதைத்தான் முதலில் குடைவார்கள். இதைப்பற்றி இணையத்தில் பேசுகிற தாடிக்காரர்களையும் கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொருவனும் அரை மணி நேரம் பேசினான். ஒருவனாவது மூத்திரப் பை மாற்றுகிற கையோடு துப்பாக்கி வைத்துக்கொள்வது எப்படி என்று சொன்னானா என்றால் இல்லை.

அவளோடு அதே கம்பெனியில் வேலை செய்கிற ஜோவெட்டா ஸ்லோன், பிஸ்கட் என்கிற மெத்தென்ற ரொட்டியும் கிரேவியும் விற்கிற கடை வாசலில் காருக்குள் உட்கார்ந்தபடி, வேண்டாமென்று ஒதுக்கிய உறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"இது என்னடி, நாய்க்குப் போடுற வாய்க்கூடு மாதிரி இருக்கு?"

"விசைல வெரல் படாம இருக்க கெட்டியா இருக்கணுமாம்."

"இது?"

"அது பாடிக்கு நடுவுல மாட்டுறது."

ஜோவெட்டா குனிந்து தன் மாரைப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு அங்க ஒரு பீரங்கியே நிக்கும். உனக்கு நிக்காது."

"சிரிக்காத ஜோவெட்டா. அவன் வர்ற நாள் நெருங்கிடுச்சு."

கடைசியில் நின்றது வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற அகலமான எலாஸ்டிக் பட்டை. வலது விலாவுக்குக் கீழே கெட்டியான சின்ன உறை வைத்துத் தைத்தது. வேர்க்கும், அரிக்கும், மூச்சு வாங்கும். ஆனால் நின்றது. மேலே தொளதொளச் சட்டை. கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தெரியவில்லை. அன்றைக்கு அவளுக்கு ஏதோ சாதித்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு பெண்ணை இந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அதையும் அவள் சாதனையாக நினைக்கவைக்கிறார்களே, அந்த சாமர்த்தியத்துக்கு இணை கிடையாது.

டென்சில் வெளியே வந்தான். முதல் சில நாள் கண்ணில் படவில்லை. அந்த வாரம் வியாழக்கிழமை லவோன், கட்டர் மலையிடுக்கின் கடைசி வீட்டில் ஓர்ஃபா பிளெவின்ஸைக் குளிக்கத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

ஓர்ஃபாவுக்கு வலது கால் விளங்காது. அவளைத் தூக்குகிறவர்கள் அவளுடைய வலது பக்கம் நின்று, இடுப்போடு இடுப்பை அணைத்து, தன் உடம்பையே ஊன்றுகோலாகக் கொடுக்க வேண்டும். லவோன் வருஷக்கணக்காக அப்படித்தான் தூக்கினாள். ஆனால் அப்படி அணைத்தால் ஓர்ஃபாவின் கை நேராக வந்து பற்றுகிற இடத்தில் இப்போது துப்பாக்கி இருந்தது. கிழவி கை அதில் பட்டுவிடக் கூடாது என்று அந்த வாரம் முழுக்க லவோன் இடது பக்கம் நின்று தூக்கினாள்.

"என்ன லவோன், பன்னிக்குட்டிய இழுக்கிற மாதிரி இழுக்கிற?"

"பிடிச்சுக்கங்க, ஒரு நிமிஷம்."

"எதப் பிடிக்க? நீ எட்டி எட்டிப் போற."

வலது கால் மடங்கியது. அந்தப் பக்கத்தில் தாங்க யாரும் இல்லை. ஓர்ஃபா பக்கவாட்டில் சரிந்தாள். லவோன் பாய்ந்து அவள் தலைக்கடியில் கையைக் கொடுத்தாள், தலை தப்பியது. இடுப்பு தரையில் மோதிய சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு பேரும் குளியலறைத் தரையில் கிடந்தார்கள். ஓர்ஃபாவின் முழங்கை லவோன் விலாவில் இருந்த கட்டியில் பதிந்திருந்தது.

"வயித்துல என்ன?"

"துப்பாக்கி."

"டென்சிலுக்கா?"

"ஆமா."

ஓர்ஃபா வலியில் முனகினாள். பிறகு சொன்னாள்: "என் தலகாணிக்கடியிலயும் ஒண்ணு கெடக்கு. இந்த மலையிடுக்குல எல்லார் வீட்லயும் கெடக்கு. முதல்ல என்னைத் தூக்கு."

இடுப்பு எலும்பு ஒடியவில்லை, ஒரு பக்கம் முழுக்கக் கன்றிப்போயிருந்தது. லவோன் காரில் உட்கார்ந்து பட்டையைப் பிரித்து எடுத்தாள். டென்சில் அவள்மேல் கை வைக்கவே இல்லை, இந்த மலையிடுக்குக்குள்ளேயே வரவில்லை. ஆனால் ஓர்ஃபா விழுந்துவிட்டாள். அவனை நினைத்து நினைத்துத் தானே கிழவியைத் தள்ளிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. காறித் துப்பவேண்டும் போல் இருந்தது, யார்மேல் துப்புவது என்றுதான் தெரியவில்லை.

"விழுந்தாங்கன்னு மட்டும் சொல்லு. துப்பாக்கிய விட்டுடு" என்றாள் ஜோவெட்டா போனில்.

"ஏன் விழுந்தாங்கன்னு கேப்பான்ல?" என்றாள் லவோன். போய் கோல்டயர்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

கோல்டயர்ன் எழுந்து நின்றான், கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். அதோடு பிஸ்டலும் ஏறி இறங்கியது.

"நோயாளி வீட்டுக்கு ஆயுதம் கொண்டுபோகக் கூடாதுன்னு விதி இருக்கு. ரெண்டு வாரம் வீட்ல இரு. சம்பளம் கிடையாது. அப்புறம் பாப்போம்."

"ரூட்ட மாத்த கம்ப்யூட்டர் விடலன்னீங்க. என்னை வீட்டுக்கு அனுப்ப மட்டும் உடனே விட்டுடுச்சா சார்?"

"இது பாதுகாப்பு விஷயம்."

"உங்க இடுப்புல இருக்கிறது?"

"இது என் ஆபீஸ்."

அந்த ஆளிடம் பேசியதில் உருப்படியாக ஒன்று நடந்தது. லவோனுக்கு பயம் போய்க் கோபம் வந்தது. பயந்தவள் கடைக்குப் போனாள். கோபம் வந்தவள் ஜோவெட்டா வீட்டுக்குப் போனாள். ஜோவெட்டா மொச்சைப் பயறு வேகவைத்து, சோள ரொட்டி சுட்டு, அந்தப் பக்கத்து மலையிடுக்குகளுக்குப் போகிற மற்ற பெண்களையும் கூப்பிட்டிருந்தாள். எல்லோருக்கும் வீட்டில் ஒரு டென்சில் இருந்தான், அல்லது இருந்திருக்கிறான். ரூத் என்பவள் மட்டும் விதவை. அவள் டென்சில் நிலக்கரிச் சுரங்கத்தில் செத்துப்போயிருந்தான்.

"லவோன் வீடுங்கள நாம பிரிச்சு எடுத்துக்குவோம். நம்ம வீடுங்கள அவளுக்குக் குடுப்போம். வாரா வாரம் மாத்துவோம். எவனும் எவளையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது" என்றாள் ஜோவெட்டா.

"கோல்டயர்ன் ஒத்துக்குவானா?"

"ஒத்துக்கலன்னா திங்கக்கெழம ஒருத்தியும் வண்டிய எடுக்க மாட்டோம். லவோன ரெண்டு வாரம் உக்கார வெச்சாலும் எடுக்க மாட்டோம். அவனே போயி ஓர்ஃபாவக் குளிப்பாட்டட்டும்."

ரூத் கரண்டியை வைத்தாள். "அவன் குளிப்பாட்டுறதப் பாக்க நான் டிக்கெட் வாங்குவேன்."

திங்கட்கிழமை காலையில் அத்தனை பேரும் ஆபீஸ் வாசலில் கார்களை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். கத்தவில்லை, அட்டை பிடிக்கவில்லை. ஆபீஸுக்குள் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எங்கே எங்கள் பெண் என்று கிழடுகள் கேட்டுக் கேட்டு. அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் எடுக்கலாம் என்றால், எதிரே இருக்கிற மலிவு விலைக் கடையில் அதைவிடக் கூடக் கொடுக்கிறார்கள், அதுவும் யாருடைய மலத்தையும் துடைக்காமல். மத்தியானத்துக்குள் கம்ப்யூட்டர் மனசு மாறிவிட்டது. ரூட்டும் மாறியது, இரண்டு வாரத் தண்டனையும் காணாமல் போனது.

அடுத்த வியாழக்கிழமை ஜோவெட்டா போன் செய்தாள்.

"வந்தான்டி. ஓர்ஃபா வீட்டுக்கு எதிர்ல வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருந்தான்."

லவோன் அப்போது ஆற்றின் அக்கரையில், முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். படியில் உட்கார்ந்தாள்.

"அப்புறம்?"

"குப்பையக் கொட்டப் போற மாதிரி பக்கத்துல போனேன். லவோன் எங்கன்னான். எந்த லவோன்னேன். விளையாடாதன்னான். நான் அவன் ஜன்னல்ல சாஞ்சு நின்னுக்கிட்டு, இங்க இருக்கிறது நானும் ஓர்ஃபாவும்தான், யாரு வேணும் உனக்குன்னேன்."

"ஷெரீப்புக்குச் சொன்னியா?"

"சொல்லாம? இன்னும் வந்துக்கிட்டே இருக்காங்க."

"அவன்?"

"போயிட்டான். அடுத்த வாரமும் வருவான்னுதான் நெனக்கிறேன். வரட்டும். அடுத்த வாரம் ரூத்து இருப்பா."

ரிவால்வரை லவோன் தூக்கி எறிந்துவிடவில்லை. அவள் முட்டாள் இல்லை. கார் இருக்கைக்கு அடியில் இரும்புப் பெட்டி ஒன்றைத் திருகாணி போட்டு முடுக்கி அதில் பூட்டி வைத்திருக்கிறாள். ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போகிற வழியில் அது அங்கே இருக்கிறது. வீட்டுக்குள் அவளோடு வருவதில்லை.

மாதக் கூட்டத்தில் கோல்டயர்ன் எழுந்து, ஊழியர் பாதுகாப்பை முன்னிட்டு வாராவாரம் வீடுகளை மாற்றி அனுப்ப நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது என்று வாசித்தான். அவனே யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி. ரூத் இருமினாள். ஜோவெட்டா மேற்கூரையைப் பார்த்தாள்.

லவோன் கையைத் தூக்கினாள். "இன்னொண்ணு சேத்துக்கங்க சார். எங்கள்ல யாருக்காவது வெளிய ஒருத்தன் காத்துக்கிட்டு நிக்கிறான்னு தெரிஞ்சா, அந்த வாரம் ரெண்டு பேரா போவோம். ரெண்டு பேருக்கும் முழுச் சம்பளம்."

"அதெல்லாம் கம்ப்யூட்டர்ல..."

பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தன. வேலைக்குக் கிளம்புகிற நேரம், ஆனால் கார்ச் சாவிகள் கைப்பைகளிலிருந்து வெளியே வரவில்லை. பெண்கள் சும்மா நின்றார்கள், அவ்வளவுதான்.

கோல்டயர்ன் பேனாவைத் தேடினான்.